பட்டியில் நின்ற ஆகாயவிமானம்

பிறர் எழுதியதை விளங்கிக்கொள்ளாமலே பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பதுதான் ரைப்பிஸ்ற் வேலை. விளங்கத் தொடங்கினால் கை தடுமாறும். இந்தத் தொழிலில் விரல் தேய்ந்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொடிகாமத்தில் ரியூசன் நடத்துகிற ஒரு ரியூட்டரியில் மூன்று வருடம் நான் ஸ்ரென்சில் வெட்டினேன். ரியூட்டரி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். தென்னோலைக் கிடுகுக் கொட்டில் மூன்று, ஆட்டம் காணும் வாங்குகள், பிரதி எடுக்கக் கையால் சுற்றுகிற ரோணியோ மெசின் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுத் தமிழ் ரைப்ரைட்டரோடு நான். என்னைப்போல் முதுகு வளைந்து மற்றவர் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவர்களே, இது உங்களுக்காக. மற்றவர்கள் ஓரமாக நின்று கேட்கலாம்.

கலியாண வீட்டு வாசம்

ஸ்ரென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். ரைப்ரைட்டரின் எழுத்து குத்துகிற இடத்தில் மெழுகு விலகும். ரோணியோவில் மை அந்த வழியால் இறங்கிக் கடதாசியில் எழுத்தாகும். பிழையாகக் குத்திவிட்டால் அழிக்க முடியாது. அதற்கென்று சிவப்பாக ஒரு மருந்து உண்டு. அதைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே திரும்ப அடிக்க வேண்டும். சண்டைக் காலத் தடையால் ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றுபோன சாமான்களில் அந்த மருந்தும் ஒன்று. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் ஊரே அழுதது. இதற்கு அழுதவள் நான் ஒருத்திதான்.

மச்சாள் ஒருத்தியின் கலியாணத்துக்கு வாங்கி மிஞ்சிய நகப்பூச்சுப் போத்தல் இரண்டு வீட்டில் கிடந்தது. ஒரு துளி தடவிப் பார்த்தேன். ஓட்டை அடைபட்டது, காய்ந்தது, மேலே எழுத்தும் விழுந்தது. குறை ஒன்றே ஒன்றுதான், வாசம். எங்கள் பௌதிக ஆசிரியர் குணநாயகம் சேருக்கு மூக்கு நல்ல மூக்கு. மற்ற ஆசிரியர்கள் ஸ்ரென்சிலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர் மணந்து பார்ப்பார். எத்தனை இடத்தில் மணக்கிறதோ அத்தனை பிழை. ஒரு நாள் மேலிருந்து கீழாக மணந்து முடித்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “பிள்ளை, உம்மடை பிழையளுக்குத்தான் கலியாண வீட்டு வாசம் வருது. என்ரை கேள்வியளுக்கு ஒரு வாசமும் இல்லை.”

கலண்டரின் முதுகு

குணநாயகம் சேர் கேள்விகளை எழுதுவது கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில். கொப்பித் தாள் கிடைக்காத காலம், அதனால் அதில் குற்றம் சொல்ல முடியாது. கையெழுத்தில் குற்றம் சொல்லலாம். எறும்பு மையில் விழுந்து எழும்பி வீட்டுக்குப் போன பாதை மாதிரி இருக்கும். கேள்வியின் உடம்பை நீல மையில் நடுவில் எழுதுவார். வாலைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதுவார். வால் எப்போதும் ஒரே மாதிரித்தான் முடியும்: “காரணம் தருக.” எந்தக் கேள்வியானாலும் காரணம் தர வேண்டும். எங்கள் ரியூட்டரிக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்கடைக்காரரிடம் கூட அவர் வாழைப்பழம் ஏன் கறுத்திருக்கிறது என்று காரணம் கேட்டவர்.

அவருடைய தாளில் அடிக்கடி வருகிற சொல் “ஆர்முடுகல்”. ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு தரம் வரும். முருகா, இது என்ன சொல்லப்பா என்று எனக்கு. கடைசியில் வாய் திறந்து கேட்டேன். அவர் சோக்கைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்: “கொடிகாமம் சந்தையடிக்கு மினிபஸ் வரேக்கை சனம் எப்பிடி ஓடும்? முதல் மெல்ல, பிறகு கெதியா, பிறகு இன்னும் கெதியா. அதுதான் ஆர்முடுகல். விளங்கினது காணும், இனி அடியும்.”

செல்லத்துரை அண்ணையின் சட்டம்

ரியூட்டரியை நடத்தியவர் செல்லத்துரை அண்ணை. நிர்வாகியும் அவர்தான், ரோணியோ சுற்றுகிறவரும் அவர்தான், மணி அடிக்கிறவரும் அவர்தான். நல்ல மனிதர், கடதாசி விசயத்தில் மட்டும் பேய். பழைய நில அளவைப் படிவங்கள், கல்யாண அழைப்பிதழில் மிஞ்சியவை, ஒரு பள்ளிக்கூடத்து வரவுப் பதிவேட்டின் வெற்றுப் பக்கங்கள் என்று எங்கெல்லாமோ தேடிக் கொண்டுவந்து கட்டாகக் கட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்த பெண் ஒரு முழு இரசாயனத் தாளைப் பிழையாக வெட்டி, அது நூற்றைம்பது பிரதி ஓடியபிறகுதான் தெரியவந்ததாம். அடுத்த கிழமை கதிரை காலி. எங்கள் வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்தி. கதிரையில் இருந்த முதல் நாளே அந்தக் கதையை எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொல்லியவர் வேறு யாருமில்லை, அண்ணையேதான். குரலை உயர்த்தாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, ஸ்ரென்சில் பிழைச்சால் நான் ஒருநாளும் ஏசமாட்டன். வேறை ஆளைப் பாப்பன், அவ்வளவுதான்.”

வரியின் நடுவே ஓட்டம்

ஆண்டின் நடுவில் ஒரு பரீட்சைத் தாள். குணநாயகம் சேரின் கலண்டர் தாளில் நான்காம் கேள்வி இப்படி: “ஓய்விலுள்ள ஓர் ஆகாயவிமானம், சீரான ஆர்முடுகலுடன் ஓடுபாதை வழியே புறப்படுகின்றது.” ஓரத்தில் சிவப்பு வால்: “அது மேலெழுமா? காரணம் தருக.” அதற்குக் கீழே ஐந்தாம் கேள்வி: “ஓய்விலுள்ள ஒரு மரப்பெட்டி, சீரான ஆர்முடுகலுடன் பின்னோக்கி இயங்கும் பட்டியின் மேல் வைக்கப்படுகின்றது.” வால்: “அது வழுக்குமா? காரணம் தருக.” நான் நான்காம் கேள்வியில் “சீரான ஆர்முடுகலுடன்” வரை அடித்திருந்தேன். வானத்தில் இரைச்சல் கேட்டது. குண்டு போட வருகிற விமானத்தைக் கண்டு யாரோ “பொம்மர்” என்று கத்தினார்கள். எல்லோரும் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடினோம்.

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பிவந்து இருந்தேன். ஸ்ரென்சிலில் கடைசிச் சொல் என்ன? ஆர்முடுகலுடன். கலண்டர் தாளில் அந்தச் சொல்லைத் தேடினேன், கண்டேன், அதற்கடுத்த சொல்லிலிருந்து அடித்துக்கொண்டு போனேன். கண்டது ஐந்தாம் கேள்வியின் ஆர்முடுகலுடன். நினைப்பில் இருந்தது நான்காம் கேள்வி. ஆகவே சிவப்பு வாலை மட்டும் ஒழுங்காக நான்காம் கேள்வியிலிருந்து எடுத்துப் போட்டேன். ஆகாயவிமானம் பட்டிக்கு மேல் ஏறிக்கொண்டது, மரப்பெட்டி இந்த உலகத்தை விட்டே போய்விட்டது. அடுத்த கேள்விக்கு ஐந்து என்று இலக்கம் போட்டு முடித்தேன். ஒரு இடத்திலும் நகப்பூச்சு தேவைப்படாததால் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் கூட.

அதே பங்கரில் செல்லத்துரை அண்ணை எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பிறகு, இரண்டு கையாலும் ஒரு கடதாசிக் கட்டைத் தூக்கி அணைத்துக்கொண்டு குனிந்து இறங்கினார். உயிரை விட்டுவிட்டு எதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று சேர் ஏசினார். அண்ணை கட்டை மடியில் வைத்துத் தூசு தட்டிக்கொண்டே சொன்னார்: “ஆள் தப்பினால் நாளைக்கும் வகுப்பு நடத்தோணும் எல்லோ சேர். கடதாசிக்கு நான் எங்கை போறது?”

யோசிக்கிற ஆக்களுக்கான கேள்வி

வகுப்புக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். அங்கே தும்மினால் இங்கே என் தாள் பறக்கும். பரீட்சை தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: “சேர், நாலாம் கேள்வியிலை பிளேன் ஏன் பட்டிக்கு மேலை நிக்குது?” கலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் மரப்பெட்டியும் தெரிந்தது, என் கதிரையின் கதியும் தெரிந்தது. தாளை நாலாய் மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

தட்டியின் ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். சேர் அச்சடித்த தாளை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் ஒரு கேள்வியை வாசிக்கிற மனிதர் அல்ல அவர். இன்னொரு பிள்ளை எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டது. “எஞ்சின் ஓடுது. பிளேன் எந்த வேகத்திலை முன்னுக்கு ஓடுதோ, பட்டியும் அதே வேகத்திலை பின்னாலை போகுது” என்றார் சேர், இப்போதுதான் யோசித்துச் சேர்க்கிறவர் மாதிரி. பிறகு தொண்டையைச் செருமினார். “உது வழமையான கேள்வி இல்லை. யோசிக்கிற ஆக்களுக்கான கேள்வி. ஆனபடியால் ஒருத்தரும் அவசரப்படாதேங்கோ.”

ஆட்டுக்காகப் பேசியவர்

எங்கள் ஊரில் பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். தோட்டத்துக்குப் பசளை வேண்டும் என்றால் பட்டியை இன்று ஒரு மூலையில் அடைப்பார்கள், நாளைக்குப் பிடுங்கி அடுத்த துண்டில் அடைப்பார்கள். ஆகப் பட்டி இயங்கும், அதில் யாருக்கும் ஐயமில்லை. பின்னோக்கியும் இயங்கும். கேள்வியில் வருவது, தொழிற்சாலையில் சுற்றி ஓடிச் சாமான் கொண்டுபோகிற ரப்பர்ப் பட்டி என்று சேர் வகுப்பில் சொல்லித்தான் இருந்தார். ஆனால் அந்தப் பட்டியைக் கண்ணால் கண்ட ஒருவர் கூட அந்தக் கொட்டிலில் இருக்கவில்லை, ஆட்டுப்பட்டியைக் காணாத ஒருவரும் இருக்கவில்லை.

சேர் என் மேசைக்கு எதிரில் இருந்து தாள் திருத்துவது வழக்கம். அன்று நான் தலை நிமிரவேயில்லை. அவர் ஒரு விடையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் வாசித்தார். விமானத்தின் இரைச்சலுக்குப் பட்டியிலுள்ள ஆடுகள் வெருண்டு நாலாபக்கமும் ஓடி விமானத்தின் சில்லுக்குள் அகப்படுவதால் அது மேலெழாது என்று ஒருவன் எழுதியிருந்தான். காரணமும் தந்திருந்தான் அல்லவா, அதனால் சேர் அரைப் புள்ளி போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மேலெழாது எண்ட முடிவு சரி, பிள்ளை. ஆடுதான் அதிகப்படி.”

பூச்சியம்

ஆம், சேரின் முடிவு அதுதான். சில்லு முன்னுக்குச் சுத்த, பட்டி பின்னுக்கு இழுக்க, விமானம் நின்ற இடத்தில் நிற்கும். நின்றால் செட்டையில், அதாவது இறக்கையில், காற்றுப் படாது. காற்றுப் படாவிட்டால் எழும்பாது. வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் அப்படியே எழுதிப் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்கினார்கள். சுகந்தினி என்ற ஒரு பிள்ளை மட்டும் மேலெழும் என்று எழுதியிருந்தாள். வரணியிலிருந்து சைக்கிளில் வருகிறவள், வாங்கின் ஓரத்தில் இருப்பவள், கேட்டாலொழியக் கதைக்காதவள். அவளுக்குச் சேர் போட்டது பெரிய வட்டமாக ஒரு பூச்சியம்.

கேட்டாலொழியக் கதைக்காதவள் அன்று கேட்காமலே எழும்பினாள். சில்லு சும்மா உருளுகிறதுதான், விமானத்தை இழுப்பது முன்னால் சுற்றுகிற காத்தாடி என்றாள். சேர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, நான் உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கத் தொடங்கியபோது நீர் பிறக்கவேயில்லை என்றார். தட்டியின் ஓட்டையால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனிந்தபடி, மரியாதை ஒரு சொட்டும் குறையாமல் பதில் சொன்னாள்: “ஓம் சேர். ஆனா பிளேன் அப்பவே பிறந்திட்டுது.”

கத்தரிக்காய்க்காரியின் தீர்ப்பு

அடுத்த நாலைந்து நாளில் கேள்வி கொட்டிலை விட்டு வெளியே போய்விட்டது. மேலெழும் கட்சி, மேலெழாக் கட்சி என்று கொடிகாமம் இரண்டாகப் பிரிந்தது. சைக்கிள் கடையில் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிக் காட்டினார், அதிலிருந்து இரண்டு கட்சியும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். சலூனில் பாதி முகம் வழித்த நிலையில் ஒருவர் எழும்பி வாதாடினாராம். யாருக்கும் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று தெரியாது. தெரிந்த ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் பயந்துகொண்டு திரிந்தாள்.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனேன். விற்கிற அம்மாவுக்கு முன்னால் எங்கள் பொடியன்கள் இருவர் தராசுத் தட்டையே பட்டியாக்கி, ஒரு கத்தரிக்காயை விமானமாக்கி நின்றார்கள். அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பறித்துக் கடகத்துக்குள் போட்டுவிட்டு, “எழும்பாத பிளேன் ஒண்டு அகப்பட்டிருக்கு எண்டால் பேசாமல் விடுங்கோவன் மோனை. அதை என்னத்துக்கு எழுப்பப் பாக்கிறியள்?” என்று கேட்டார்.

வரணியிலிருந்து ஒருவர்

இவ்வளவும் சிரிப்புத்தான். சிரிப்பு நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சுகந்தினியின் தகப்பன் கந்தவனம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தோட்டக்காரர், கதிரை காட்டியும் இருக்கவில்லை. மகளைக் கணிதப் பிரிவிலிருந்து நிற்பாட்டி, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவில் சேர்க்கப் போவதாகச் செல்லத்துரை அண்ணைக்குச் சொல்ல வந்திருந்தார். பௌதிகத்தில் நாற்பது எடுத்தால் தொடரலாம், எடுக்காவிட்டால் நிற்பாட்டுவேன் என்று பிள்ளைக்கு முன்னரே சொல்லி வைத்திருந்தாராம். அவள் எடுத்தது முப்பத்தெட்டு.

எனக்குக் கணக்குப் படிப்பு இல்லை, ஆனால் முப்பத்தெட்டோடு பத்தைக் கூட்டத் தெரியும். அண்ணை வரும்வரைக்கும் அந்த மனிதர் நின்றுகொண்டே கதைத்தார். கோபமாகக் கதைத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிள்ளை விடிய எழும்பிப் படிக்கிறாள், சைக்கிளில் போகும்போதும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். சாப்பாட்டுப் பெட்டியில் கிடக்கிற தாள் என் நெஞ்சில் கிடந்தது. அவர் சொன்ன கடைசிக் கதை இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: “உந்த றோட்டிலை அவள் போய் வரும்வரைக்கும் நான் தோட்டத்துக்கை நிண்டு வானத்தைத்தான் பாக்கிறன், தங்கச்சி. ஒரு பூச்சியத்துக்காக ஒவ்வொரு நாளும் அப்பிடி நிக்க என்னாலை ஏலாது.”

சேர் யோசித்த கதை

அண்ணையிடம் கெஞ்சி, அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கும்படி கந்தவனத்திடம் சொல்ல வைத்தேன். அன்று பின்னேரம் கலண்டர் தாளைக் குணநாயகம் சேருக்கு முன்னால் விரித்து வைத்தேன். பருப்புக் கறை பிடித்திருந்தது. பொம்மர், பங்கர், இரண்டு ஆர்முடுகல், மரப்பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. வேலை போகும் என்ற பயமும் இருந்தது, அந்தப் பிள்ளையை நினைத்த துக்கமும் இருந்தது. எது கூட என்று கேட்காதீர்கள்.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. அன்று வகுப்பில் வாசித்த உடனேயே தனக்கு விளங்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு ஏன் சேர் உங்களுடைய கேள்வி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். செல்லத்துரை வேறு ஆளைப் போட்டால், தன் கையெழுத்தை அந்த ஆளுக்குப் பழக்கத் தனக்கு ஆயுள் காணாது என்றார். இப்படிப்பட்ட மனிதரைக் கும்பிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் சொன்னார். கேள்வி வந்த வழி பிழைதான், ஆனால் கேள்வி கேள்விதான். விமானம் எழும்பாது. பூச்சியம் பூச்சியம்தான். வடிவாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா சேர் என்று கேட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். “நான் யோசிக்காமல் ஒருநாளும் பிழை விடுறேல்லை, பிள்ளை.”

பனங்காய் வண்டில்

அடுத்த நாள் சுகந்தினியை மறித்து, சேர் வாயால் சொன்னால் கேட்கமாட்டார், கண்ணால் காட்டு என்றேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய சைக்கிள் கரியரில் தம்பியின் பனங்காய் வண்டில் கட்டியிருந்தது. இரண்டு பனங்காயைத் தடியால் கோத்து, நடுவில் கவர்த்தடி வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அந்த வண்டிலைத்தான் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்து நெல் காயப்போடுகிற நீட்டுப் பாயைக் கொண்டுபோனேன்.

வாங்குகளை ஒதுக்கிப் பாயை விரித்தார்கள். பாய்தான் பட்டி, வண்டில்தான் விமானம். இரண்டு பொடியன்கள் பாயின் ஒரு தலைப்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுகந்தினி பாயில் மிதிக்காமல் பக்கத்து நிலத்தில் நின்று கவர்த்தடியைப் பிடித்தாள். சேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டில் நின்ற இடத்தில் நின்று சுற்றும் என்றார். பொடியன்கள் பாயை இழுத்தார்கள். அவள் நடந்தாள். பனங்காய்கள் இரண்டு மடங்கு கெதியாகச் சுற்றின, வண்டில் அவளோடு நேராக முன்னுக்குப் போய்ச் சேரின் செருப்பில் முட்டி நின்றது.

திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பச் செய்தாள். இன்னும் கெதியாகப் பாயை இழுக்கச் சொன்னார். ஒரு பொடியன் விழுந்து எழும்பினான், வண்டில் திரும்பவும் செருப்பில் முட்டியது. “உது உம்மடை கை தள்ளுறபடியால் போகுது” என்றார் சேர். தட்டிக்குப் பின்னால் நிற்க மனமில்லாமல் நான் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டேன். சுகந்தினி கவர்த்தடியை விடாமலே பதில் சொன்னாள். “ஓம் சேர். கை நிலத்திலை நிண்டு தள்ளுது, காத்தாடி காத்தைப் பிடிச்சு இழுக்குது. ரெண்டிலையும் பட்டிக்கு என்ன அலுவல்?”

விடை யாருடையது

சேர் குனிந்து வண்டிலை எடுத்தார். ஒரு பனங்காயை விரலால் சுண்டினார், அது சுற்றி ஓயும்வரைக்கும் பார்த்தார். இன்னொரு தரம் சுண்டினார். ஐம்பது வயது கடந்த மனிதர், பார்க்க வந்த அடுத்த வகுப்பும் சேர்த்து இரண்டு வகுப்புப் பிள்ளைகள், கிடுகு இடுக்கெல்லாம் கண். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சத்தம் கேட்டுச் செல்லத்துரை அண்ணையும் வாசலுக்கு வந்துவிட்டார். பாயைப் பார்த்தார், பனங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன சேர் இது? அந்தக் கேள்வியிலை ஏதும் பிழையோ? ஸ்ரென்சிலிலை பிழையோ?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சேர் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிற்பாட்டினார். சுகந்தினியின் தாளை வாங்கினார், சிவப்புப் பேனையை எடுத்தார், பூச்சியத்துக்கு முன்னால் ஒரு கோடு கீறிப் பத்தாக்கினார். மற்ற எல்லோருடைய எட்டும் ஒன்பதும் வெட்டப்படும் என்றார். கொட்டில் முழுக்க ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகுதான் அண்ணைக்குப் பதில் சொன்னார்: “ஸ்ரென்சிலிலை ஒரு பிழையும் இல்லை, செல்லத்துரை. கேள்வி என்ரை. விடைதான் எனக்குப் பிழைச்சுப்போச்சு.”

திங்கட்கிழமை

கந்தவனம் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்தத் தரம் கதிரையில் இருந்தார். தாளை அவர் கையில் கொடுத்தேன். நாலாம் கேள்விக்கு முன்னால் நின்ற பத்தைப் பார்த்தார், மேலே முப்பத்தெட்டை வெட்டி எழுதியிருந்த நாற்பத்தெட்டைப் பார்த்தார், கேள்வியை எழுத்துக் கூட்டி வாசித்தார். பட்டி என்று வந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஆடு எங்கே என்று கேட்டார். இது வேறு பட்டி என்று சொன்னேன். தலையாட்டினார்.

மகள் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. அவர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்த முகத்தில் சந்தோசமும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். நாளைக்கும் அவர் தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்க்கத்தான் வேண்டும், நாளன்றைக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழும்பி, வாசலில் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “நான்தான் விசரன், தங்கச்சி. நாப்பது எண்டு சொல்லாமல் அம்பது எண்டு சொல்லியிருக்கோணும்.”

அதற்குப் பிறகும் எத்தனையோ ஆயிரம் வரிகளைப் பிழையில்லாமல் அடித்திருக்கிறேன், அவற்றில் ஒன்றையாவது யாரும் இரண்டாம் தரம் வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை.